நம்பர் போடாத பெட்டி

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. பெட்டியில இடிக்கு. பெயின்ட் அடிச்சு ரெண்டு நாள்தான் ஆச்சு, இன்னும் முழுசாக் காயல. வேட்டியில ஒட்டிச்சுன்னா பொறவு என்னையச் சொல்லக்கூடாது. மேல தூக்கி வைக்கலாந்தான். அந்தக் கண்டக்டரும் அதைத்தான் சொன்னான். மேல வச்சா எவன் மூட்டையைக் கொண்டாந்து இதுமேல எறிவான்னு யாரு கண்டா? நம்ம ஜனத்துக்கு ஒரு சாமானை வைக்கவும் தெரியாது, எடுக்கவும் தெரியாது. முப்பத்தஞ்சு வருசம் மில்லுல ஸ்டோர் கீப்பரா இருந்தவன் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

நான் வீரவநல்லூர்ல இறங்கணும். நீங்க? கல்லிடைக்குறிச்சியா? அப்போ நான் இறங்கின பொறவுதான் நீங்க இறங்குவீய. நல்லதாப் போச்சு, நடுவுல எந்திரிச்சுப் பெட்டியை நகட்டச் சொல்ல மாட்டீய.

எம் பேரு கோமதிநாயகம். பாளையங்கோட்டையில இருக்கேன். இருக்கேன்னா என்ன, இருந்தேன்னுதான் சொல்லணும். வீடு மாறியாச்சு. மாறியாச்சுன்னும் சொல்ல முடியாது. சாமானெல்லாம் பாளையங்கோட்டையில கெடக்கு, சம்சாரம் வீரவநல்லூர்ல இருக்கா, நான் பஸ்ஸுல இருக்கேன். எப்பிடி இருக்கு பாத்தீயளா எம் பொழப்பு?

வீரவநல்லூர்ல மனை அவ அப்பா குடுத்தது. அவ பேர்லதான் இருக்கு. அதுல நான் நின்னு கட்டின வீடு. ஒவ்வொரு அலமாரியும் நான் டேப்பு வச்சு அளந்து சொன்னது. அந்தக் கொத்தனார் இருக்கானே, வெளங்காத மூதி, ஒன்றரை அடி ஆழம்னு சொன்னா ஒண்ணே கால் அடியில நிப்பாட்டிட்டு 'அது போதும் சார்'ங்கான். எது போதும் எது போதாதுன்னு எங்கிட்டயா சொல்லுத? இடிச்சுக் கட்டுன்னு சொல்லிட்டேன்.

அப்பிடி இப்பிடின்னு வீடு முடிய ஆனி மாசக் கடைசி ஆயிட்டு. பொறவு ஆடி வந்துரும். ஆடியில வீடு மாற முடியாது, உங்களுக்கே தெரியும். அதனால என்ன செஞ்சேன்னா, ஆனி இருபத்தொம்பது நல்ல நாளா இருந்துச்சு, விடியக்காலம் போயிப் பாலை மட்டும் காய்ச்சிட்டேன். பால் பொங்கிட்டா வீட்டுக்குள்ள போனதாக் கணக்கு. சாமானை ஆவணி பிறக்கவும் கொண்டு போயிக்கிடலாம். ரோசனை எப்பிடி? ஆனா அதுல ஒரு சிக்கல் பாத்துக்கிடுங்க. பால் காய்ச்சின வீட்டை இருட்டாப் போடக்கூடாது. சாயந்தரமானா ஒரு விளக்கு எரியணும். எங்க ஆளுகள்ல அது ஒரு முறை. எம் மகன் புனேயில இருக்கான், போன்ல சொல்லுதான், 'தானா எரியுத பல்பு ஒண்ணு மாட்டிருங்கப்பா, ஆறு மணிக்கு எரிஞ்சு பத்து மணிக்கு அணைஞ்சுரும்'னு. படிச்ச படிப்பு அப்பிடி. லட்சுமி என்ன சுவிட்சைப் போட்டா வாரவளா?

அதான் அவளை அனுப்பினேன். ஆவுடையம்மாள், எம் சம்சாரம். ஒரு மாசம் நீ போயி அங்கன இரு, சாயந்தரம் விளக்கேத்து, நான் இங்கன இருந்து சாமானைக் கட்டுதேன்னு சொன்னேன். உண்மையைச் சொன்னா, அவ இருந்தா ஒரு சோலியும் நடக்காது. ஒரு கரண்டியை எடுத்தான்னா அதைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்துருவா. 'இது பெரியவன் பொறந்தப்போ வாங்கினது'ம்பா. கரண்டிக்கு என்ன ஜாதகமா எழுதணும்?

அவ தனியா எங்கயும் போனவ கிடையாது அண்ணாச்சி. கடைக்குப் போனாக்கூட நான் எழுதிக் குடுத்த சீட்டோடதான் போவா. அதனால அதுக்கும் நானே ஒரு லிஸ்ட் போட்டேன். ஒரு பாய், ஒரு தலகாணி, ஒரு போர்வை. ஒரு அடுப்பு, ஒரு சோத்துப் பானை, ஒரு குழம்புச் சட்டி. ஒரு தட்டு, ஒரு தம்ளர். குத்துவிளக்கு, எண்ணெய், திரி. நாலு சேலை, ஒரு வாளி. அவ்வளவுதான். 'ஏங்க, யாராவது வந்தா வேணும்லா, தட்டும் தம்ளரும் ரெண்டு ரெண்டா எடுத்துக்கிடட்டுமா'ன்னு கேட்டா. உன்னைப் பாக்க அங்க எவ வரப்போறான்னு கேட்டேன். 'ஒரு ஆளுக்கு இது போதும்'னு லிஸ்ட்டுக்கு அடியில எழுதி, கோடும் போட்டுக் குடுத்தேன். வாங்கி மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா.

அவளைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து அன்னைக்கே சோலியை ஆரம்பிச்சுட்டேன். சாமானைக் கட்டி ஏத்துத பேக்கர்ஸ்னு ஒருத்தன் வந்தான் முதல்ல. பேன்ட்டு சட்டை, கழுத்துல அட்டை. வீட்டைச் சுத்திப் பாத்துட்டு, 'சார், ஒரு நாள்ல முடிச்சிரலாம், எல்லாத்தையும் நாங்களே அள்ளிப் போட்டுருவோம்'னான். அள்ளிப் போடுவானாம்! குப்பை வண்டிக்காரன்கூட அப்பிடிச் சொல்ல மாட்டான். வாசலைக் காட்டி அனுப்பிட்டேன்.

நானே கட்டினேன். முப்பத்தோரு நாள். பலசரக்குக் கடையில பிஸ்கட் அட்டைப்பெட்டியாச் சொல்லி வாங்கி, ஒவ்வொண்ணுக்கும் நம்பர். அடுக்களைச் சாமானுக்கு நீலம், ஹாலுக்குச் சிவப்பு, மாடிக்கு மஞ்சள். பெட்டி ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஒரு லிஸ்ட், வெளிய ஒரு லிஸ்ட், எங்கிட்ட ஒரு லிஸ்ட். மொத்தம் அறுபத்திமூணு பெட்டி. பதினேழாம் பெட்டியில என்னன்னு கேளுங்க. சும்மா கேளுங்க. மூடி இல்லாத பிளாஸ்க் ரெண்டு, பிளாஸ்க் இல்லாத மூடி அஞ்சு. என்னைக்காவது ஒண்ணோடொண்ணு சேரும்லா? இருபத்தெட்டு, குடைக்கம்பி. முப்பத்தி நாலு, பழைய மிக்ஸி மூணு, ஓடாது, ஆனா மோட்டார்ல செம்பு இருக்கு. நாப்பத்தொண்ணுல இருந்து நாப்பத்தாறு வரைக்கும் ஆணி, போல்ட்டு, கொக்கி, தாப்பாள். ஒரு வீட்டுக்கு எது எப்போ வேணும்னு யாருக்குத் தெரியும்? இல்லாதப்போதான் அருமை தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எட்டிப் பாத்துட்டு, 'என்னண்ணே, இம்புட்டையுமா கொண்டு போறீய?'ங்கா. அவ வீட்டுல ஒரு ஸ்குரூ டிரைவர் கேட்டா அரிவாமணையைக் கொண்டுவாரவ. அவ எனக்குப் புத்தி சொல்லுதா.

தெனமும் ஆறு மணிக்கு ஆவுடைக்குப் போன் போடுவேன், விளக்கேத்திட்டியான்னு. மொத வாரம் போன் மணி ஒரு தரம் அடிக்க முன்ன எடுத்தா. 'ஏத்திட்டேங்க.' அடுக்களைச் சுவத்துல எந்த இடத்துல ஆணி அடிக்கணும், தண்ணித் தொட்டியை எத்தனை நாளைக்கு ஒருக்காக் கழுவணும்னு எல்லாம் சொல்லுவேன். 'சரிங்க, சரிங்க'ம்பா. ரெண்டாவது வாரம் ஆறு மணிக்குப் போட்டா மணி அடிக்கு, எடுக்கல. ஆறரைக்கும் எடுக்கல. ஏழு மணிக்கு எடுக்கா. மூச்சு வாங்குது. ஏட்டி என்ன ஆச்சுன்னேன். 'விளக்கு அஞ்சரைக்கே ஏத்திட்டேங்க. பக்கத்துல பள்ளிக்கூடத்து மைதானம் இருக்குல்லா, பொம்பளைப் பிள்ளைக பேட்டு வச்சு விளையாடுதுக. அங்கன நின்னேன்'ங்கா. நின்னதுக்கு என்னத்துக்கு மூச்சு வாங்குதுன்னு நான் கேக்கல. வயசாச்சுல்லா, அம்பத்தெட்டு. நிக்கதுக்கும் வாங்கும்.

என்னது, உங்க மகளும் ஆடுதாளா? எந்த ஸ்கூலு? சரி, சரி, இருக்கட்டும். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சிருதேன்.

பொறவு ஒரு நாள் சொல்லுதா, 'ஜெசிந்தா டீச்சர் என்னையும் ஆடச் சொன்னாவ. கை மறக்கலங்க. நான் பத்தாப்பு படிக்கையில ஜில்லா வரைக்கும் போயி ஆடினேன்லா'ங்கா. ஜெசிந்தா டீச்சர் யாருன்னா அந்தப் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர். ஏட்டி, நீ எப்போ ஆடின? 'கல்யாணத்துக்கு முந்தி. உங்ககிட்ட சொல்லிருக்கேனே'ங்கா. எங்கிட்டச் சொன்னாளாம்! சொல்லியிருந்தா எம் மண்டையில இருக்காதா? ஸ்டோர்ல பன்னெண்டாயிரம் சாமான். எது எந்த அலமாரியில எத்தனாவது தட்டுல இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நான் மறப்பனா? அவ சொல்லியிருக்க மாட்டா. சொன்னதா நெனச்சுக்கிட்டிருக்கா.

அந்தப் பேச்சு பேசி ரெண்டு நாள் கழிச்சு, பரணைக் காலி பண்ணினேன். அங்க ஒரு பச்சை டிரங்குப்பெட்டி. பூட்டு துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. சாவியைக் காணல, சுத்தியலை வச்சு ஒரு தட்டுத் தட்டினேன், திறந்துக்கிட்டு. உள்ள என்ன இருந்துச்சுங்கீய? ரெண்டு பாவாடை தாவணி, பூச்சி அரிச்சது. நரம்பு அறுந்த பேட்டு ஒண்ணு. பழுத்துப் போன சர்ட்டிபிகேட்டு ஒண்ணு, எழுத்தெல்லாம் அழிஞ்சிருக்கு. ஒரு குரூப் போட்டோ, ஏழெட்டுப் பிள்ளைக, எல்லாம் ரெட்டைச் சடை. எதுவும் உபயோகத்துக்கு ஆகாது. அடி வேற ஓட்டை. கழிவுன்னு ஒரு லிஸ்ட் வச்சிருந்தேன், அதுல ஏத்திட்டேன். ஏத்தினது மொத்தமே அந்த ஒரு உருப்படிதான். மத்ததெல்லாம் என்னைக்காவது ஆகும்.

பழைய இரும்புக்காரன் தெருவுல வந்தான், தூக்கிக் குடுத்தேன். அவ போன்ல சொன்னதையும் இந்தப் பேட்டையும் சேத்து வச்சுப் பாக்க எனக்கு ஜோசியமா தெரியும்?

ஆடி முடிஞ்சுது. ஆவணி எட்டு, நல்ல முகூர்த்தம். காலையில லாரி வந்துட்டு. அறுபத்திமூணு பெட்டியையும் ஏத்த வந்தானுவளே நாலு பேரு, ஒருத்தனுக்காவது ஒண்ணுக்கு அப்புறம் ரெண்டுன்னு தெரியணுமே! அஞ்சைக் கொண்டு போயி அம்பத்தஞ்சுக்கு மேல வைக்கான். நான் தொண்டை கிழியக் கத்தி, ஒரு வழியாக் கெளம்பி, பத்து மணிக்கெல்லாம் வீரவநல்லூர் போயாச்சு.

வாசல்ல நிக்கா ஆவுடை. அண்ணாச்சி, எனக்கு ஒரு நிமிசம் ஆளு தெரியல. சேலையைத் தூக்கி இடுப்புல சொருகியிருக்கா. சேலைக்குக் கீழ வெள்ளைக் கேன்வாஸ் ஷூ! ஜெசிந்தா டீச்சர் குடுத்ததாம். வெயில்ல கறுத்துப் போயி, ஆனா முகம் தெளிச்சியா இருந்துச்சு. பேரன் பேத்தி எடுத்தவ போட்டுருக்க கோலத்தைப் பாருங்க. லாரிக்காரனுவ முன்னால எனக்குத் தலை நிமிர முடியல.

உள்ள போயிப் பாக்கேன். பதினாலுல இருந்து இருவது வரைக்கும் உள்ள பெட்டியை வைக்கன்னு நான் நெனச்சிருந்த அலமாரியில, அந்தப் பிள்ளைகளோட பையும், சுருட்டின நெட்டும் கெடக்கு. பள்ளிக்கூடத்துல வைக்க இடம் இல்லையாம். ஹாலு பூராக் காலி. ஒரு ஓரமாப் பாய். சன்னல்ல கழுவிக் கவுத்தின ஒரு தட்டு. இதெல்லாம் ஒரு வீடா? சத்திரம் மாதிரி காத்து அது பாட்டுக்கு இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகுது.

லாரிக்காரனுவளுக்குக் காப்பி போட்டுக் குடுத்தா. ஒருத்தன் குடிச்சு முடிச்சதும் தம்ளரைக் கழுவி அடுத்தவனுக்கு. அவன் குடிச்சதும் கழுவி அடுத்தவனுக்கு. கடைசியா எனக்கு. ஏட்டி, என்ன இதுன்னேன். 'ஒண்ணுதானேங்க குடுத்து விட்டீய'ங்கா. குத்தலா சொல்லல, சும்மாதான் சொன்னா. அவளுக்குக் குத்தலாப் பேசவெல்லாம் தெரியாது.

மொதல்ல சாமி படம், உப்பு, அரிசி, மஞ்சள். அது ஒண்ணாம் நம்பர் பெட்டி. அதை அவளே கையில வாங்கி உள்ள கொண்டு போயி வச்சா. ரெண்டாம் பெட்டியை இறக்கப் போனான். 'இருங்க'ன்னா. எங்கிட்ட வந்து, 'எம் பெட்டி எத்தனாவது நம்பருங்க?'ன்னு கேட்டா. எந்தப் பெட்டின்னேன். 'பரண்ல இருந்துச்சுல்லா, பச்சை டிரங்குப்பெட்டி.'

நான் பொய் சொல்லுதவன் கிடையாது. லிஸ்ட்டை எடுத்துப் பாத்து, அது கழிவுல போயிட்டுன்னு சொன்னேன்.

'உள்ள திறந்து பாத்தீயளா?'

பாத்தேன், ஒண்ணுமில்ல, ஓட்டைப் பெட்டின்னேன்.

அழுதிருந்தா சமாளிச்சிருப்பேன் அண்ணாச்சி. முப்பத்தாறு வருசத்துல எத்தனை அழுகை பாத்தாச்சு. அழல. லாரியைச் சுத்தி ஒரு நடை நடந்தா. பிளாஸ்க்கு மூடிப் பெட்டியைத் தட்டிப் பாத்தா. ஆணிப் பெட்டியைத் தட்டிப் பாத்தா. வெளிய ஒட்டியிருக்க லிஸ்ட்டை எல்லாம் படிச்சா. அந்த நேரம் பாத்து மைதானத்துல இருந்து ஒரு மஞ்சப் பந்து, கம்பளி நூல்ல சுத்தினது, உருண்டு வந்து லாரி டயருக்கு அடியில கெடக்கு. நான் எரிச்சல்ல காலால ஒரு எத்து விட்டேன். அவ போயி அதை எடுத்து, சேலையில துடைச்சு, உள்ளங்கையால ஒரு தட்டுத் தட்டினா பாருங்க, சுவரைத் தாண்டிப் போயிட்டு. பொறவு டிரைவரைப் பாத்து, 'அண்ணே, வண்டியைத் திருப்புங்க'ன்னா.

எனக்கு வந்துச்சே கோவம். ஏட்டி, உனக்குக் கோட்டி பிடிச்சிட்டா, மூளை கலங்கிட்டான்னேன். இதெல்லாம் இல்லாம எப்பிடி இருப்பன்னேன். இடுப்புல இருந்து எடுக்கா, நான் எழுதிக் குடுத்த அதே லிஸ்ட்டு. மடிச்சு மடிச்சு நைஞ்சு போயிருக்கு. 'நீங்கதானே எழுதினீய, ஒரு ஆளுக்கு இது போதும்னு. போதுமாத்தாங்க இருக்கு. இந்த ஒரு மாசத்துல எனக்கு ஒண்ணும் கொறையல'ன்னா. பொறவு சொல்லுதா, 'நீங்களும் வாங்க, வேண்டாங்கல. ஆனா மொதல்ல எம் பெட்டி வரட்டும். அதுக்குப் பொறவு உங்க பெட்டி வரட்டும்.' அவ்வளவுதான் சொன்னா. உள்ள போயிட்டா.

நாலு லாரிக்காரனுவளும் வேற பக்கம் பாத்துக்கிட்டு நிக்கானுவ. மைதானத்துச் சுவத்துக்கு மேல பத்துத் தலை. அறுபத்திரெண்டு பெட்டியும் வந்த வழியே திரும்பிட்டு. இதைவிட ஒரு மனுசனுக்கு என்ன கேவலம் வேணும்?

எல்லாம் அந்த ஜெசிந்தா டீச்சர் குடுத்த தைரியம். எம் மகன்கிட்டச் சொன்னேன், அவன் சிரிக்கான். 'அம்மா பேட்டு பிடிப்பாங்களா, எனக்குத் தெரியவே தெரியாதுப்பா'ங்கான். பெத்த தாயைப் பத்தி மகனுக்கு ஒண்ணும் தெரியல. அதுல அவனுக்குச் சிரிப்பு வேற.

இருவத்திரெண்டு நாள் ஆச்சு. பாளையங்கோட்டையில அந்தப் பெட்டிகளுக்கு நடுவுலதான் படுக்கேன். ஒரு தம்ளர் வேணும்னா அதை எடுக்க ஆறாம் பெட்டியைப் பிரிக்கணும், பிரிச்சா பொறவு கட்டணும். அதனால ஓட்டல்லயே காப்பி குடிச்சுக்கிடுதேன். வீட்டுக்காரர் தெனம் வந்து நிக்காரு, அடுத்த ஆளு வரணுமாம். நாளான்னைக்குப் புரட்டாசி பிறக்கு. புரட்டாசியிலயும் வீடு மாற முடியாது, பொறவு ஐப்பசிதான். அதுவரைக்கும் நான் எங்க போவேன்? அதான் இன்னைக்கே முடிக்கணும்னு கெளம்பிட்டேன்.

பழைய இரும்புக்காரனைத் தேடிப் போகாம இருப்பனா? போனேன். ஒரு வாரம் அலைஞ்சேன். அந்தச் சவத்துப் பய, 'அது அன்னைக்கே நசுக்கி லோடுல போயிட்டு சார்'ங்கான். உள்ள இருந்ததுன்னேன். 'காயிதம் காயிதத்தோட, துணி துணியோட போயிருக்கும்'னான். அந்தக் குப்பைக்குள்ள என்ன ஒழுங்கா பிரிச்சு வச்சிருக்கான் பாருங்க!

ஆனா எனக்கு இது புதுசு இல்ல. ஸ்டோர்ல ஒரு சாமான் காணாமப் போனா என்ன செய்வோம்? அதே அளவுல, அதே மாதிரி ஒண்ணை வாங்கி அதே இடத்துல வச்சிருவோம். கேக்கவனுக்கு வித்தியாசம் தெரியாது. அதையேதான் செஞ்சேன். பெட்டி வாங்கி நானே பச்சைப் பெயின்ட் அடிச்சேன். அசல் அந்தப் பச்சை. ரெண்டு பாவாடை தாவணி, புதுசு. சர்ட்டிபிகேட்டு ஜெராக்ஸ் கடையில சொல்லி கெட்டிக் காயிதத்துல அடிச்சேன், ஓரமெல்லாம் பூப்போட்டு. 'ஜில்லா இறகுப்பந்துப் போட்டி, முதல் பரிசு, செல்வி ஆவுடையம்மாள்.' கீழ கையெழுத்து நானே போட்டுட்டேன். எத்தனாவது பரிசு வாங்கினான்னு தெரியாது, முதல் பரிசுன்னே போட்டுட்டேன். வேண்டாம்னா சொல்லப்போறா?

பேட்டு மட்டும் நல்லதா வாங்கினேன். இந்தா பாருங்க, உறையோட. தூக்கிப் பாருங்க, வெயிட்டே இல்ல. கூட இறகுப்பந்து மூணு, டப்பாவோட சும்மா குடுத்தான். இதைப் பாத்தான்னா அவளே கதவைத் திறந்து விட்டுருவா.

என்ன அண்ணாச்சி, அப்பிடிப் பாக்கீய?

இது இல்லையா?

எது இது இல்ல? பேட்டு பேட்டுதானே. இல்ல, இல்ல, சொல்லுங்க. உங்க மக ஆடுதான்னு சொன்னீயள்ல, சொல்லுங்க, கேக்கேன். மஞ்சப் பந்து... கம்பளிப் பந்து. அது பூப்பந்து. அதுக்குப் பேட்டு வேறயா? இதைவிடக் கனமா, வேற மாதிரி இருக்குமா. இறகுப்பந்து வேற ஆட்டம். இதை வச்சு அதை ஆட முடியாது.

பாத்தீயளா, கடைக்காரன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா? பேட்டுன்னா எடுத்துக் குடுத்துருவானா? அவனுக்குத் தொழில் தெரியல. இந்த நாட்டுல எவனுக்குத்தான்...

செத்த இருங்க.

அந்தப் போட்டோ. அதுலயும் பந்து இருந்துச்சு. நடுவுல நிக்க பிள்ளை கையில. உருண்டையா, சின்னதா. நான் ஆரஞ்சுப் பழம்னுல்லா நெனச்சேன். அந்தப் பிள்ளை வாயைத் திறந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு நின்னுச்சு. மத்தப் பிள்ளைக எல்லாம் முறைப்பா நிக்குதுக, இது மட்டும் சிரிக்கு. யாரோ ஒரு பிள்ளைன்னு பாத்துட்டுத் தூக்கிப் போட்டேன்.

முப்பத்தாறு வருசம் அண்ணாச்சி. அவ அப்பிடிச் சிரிச்சு நான் ஒரு நாள் பாத்தது கிடையாது. அதான் எனக்கு ஆளு தெரியல.

இல்ல, ஒண்ணுமில்ல. தூசி.

சேரன்மகாதேவி தாண்டிட்டா? அப்போ வந்துரும். திரும்பிப் போயி மாத்திட்டு வரலாம். கடை ஏழு வரைக்கும் இருக்கும். இப்போ இறங்கினா எதிர் பஸ்ஸு கிடைக்கும். ஆனா எதைன்னு கேட்டு வாங்குவேன்? கனம் எவ்வளவு, கைப்பிடி எப்பிடி, அவ வலது கையால ஆடுவாளா இடது கையால ஆடுவாளா? முன்னால நின்னு ஆடினாளா, பின்னாலயா? சோறு திங்கது வலது கையாலதான். அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.

இந்தாங்க, பிடிங்க இந்தப் பேட்டை. உங்க மகளுக்கு ஆகாதுன்னா வேற எந்தப் பிள்ளைக்காவது குடுங்க. பிடிங்கன்னா! தாவணியையும் எடுத்துக்கிடுங்க, அவ என்ன இந்த வயசுல தாவணியா கட்டப்போறா? எனக்குத்தான் மூளை இல்ல. சர்ட்டிபிகேட்டைக் கிழிச்சிருதேன். கையெழுத்து அழகா வந்திருந்துச்சு. போகட்டும்.

பெட்டியா? பெட்டி இருக்கட்டும். ஓட்டை இல்லாத பெட்டி. ஐப்பசி வரைக்கும் அவ என்னையக் காத்திருக்கச் சொன்னாலும் இருந்துக்கிடலாம், அதைப் பொறவு பாப்போம்.

கண்டக்டர், வீரவநல்லூர் ஒண்ணு இறங்கணும்! விசிலை ஊதுப்பா, ஆளு இறங்குததுக்குள்ள எடுத்துராதீய. அண்ணாச்சி, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க, பெயின்ட்டுல படாம. கனம் இல்ல பாத்தீயளா? உள்ள ஒண்ணும் இல்ல. நம்பரும் போடல. லிஸ்ட்டும் ஒட்டல.

என்ன வைக்கணும்னு அவகிட்டதான் கேக்கணும்.